ஓட்டுப் பரப்பில் 6 மி.மீ. மேடு: எந்த வெப்ப எண்ணை நம்புவது?

கேள்வி:
விண்வெளி ஓடத்தின் அடிவயிற்று ஓடுகளைப் போன்ற தட்டைப் பரப்பு. அதில் 6 மி.மீ. உயர மேடு. அந்த இடத்தில் எல்லைப்படலம் (பரப்பை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் காற்று அடுக்கு) சுமார் 20 மி.மீ., படல விளிம்பில் மேக் 3 (ஒலியைப் போல் 3 மடங்கு வேகம்). கணினிக் கணக்கில் கிரிட்டை (காற்றுவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை) நெருக்க நெருக்க மேட்டின் முன்முகத்தில் வெப்பப்பாய்வு ஏறிக்கொண்டே போகிறது. பின்னால் மாற்றமே இல்லை. சுவர் 300 கெல்வின் என்று கொடுத்திருக்கிறேன். தவறு எங்கே?

பதில் 1:
முன்மேல் விளிம்பைக் கூர்மையாக வரைந்திருப்பீர்கள். கூர்முனையில் உச்ச வெப்பம் செல்லின் அளவைப் பொறுத்தே வரும், அதனால் ஒருபோதும் நிலைக்காது. நிஜப் பொருளில் இருக்கும் ஆரத்தை, 0.5 மி.மீ. ஆனாலும், வரையுங்கள். அந்த வளைவில் 15 செல்லாவது வேண்டும். மேட்டுக்கு முன்னால் ஓட்டம் பிரிந்து, குதிரைலாடச் சுழலாக இருபுறமும் சுற்றிப் போகும். பக்கவாட்டில் தெரியும் சூடான கோடுகள் அதன் தடம். ஆகவே மேட்டு உயரத்தைப் போல் 10 மடங்கு முன்பிருந்தே கிரிட் நெருக்கமாக இருக்கட்டும். நடுவில் வெட்டிய பாதி மாடல் மட்டும் போட்டுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னோட்டம் இடவலமாக ஆடுவதை அது அடக்கிவிடும்.

பதில் 2:
300 கெல்வின் காற்றுச் சுரங்கத்துக்குச் சரி, பறப்புக்கு ஆகாது. பறப்புக்குக் கதிர்வீச்சுச் சமநிலைச் சுவரை, அதாவது வாங்கும் வெப்பத்தை முழுக்கக் கதிர்வீச்சாகவே வெளிவிடும் சுவரை, கொடுங்கள். உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன், முழுமைக்கு 1) 0.85, சுவர் 1200 கெல்வின் என்றால் வெளியேறுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோவாட். பாய்வு இரட்டித்தால் வெப்பநிலை 1.19 மடங்குதான், அதாவது 1430 கெல்வின் அருகில். சிலிக்கா ஓட்டில் பக்கவாட்டு வெப்பக்கடத்தல் மிகக் குறைவு என்பதால் இந்தக் கணக்கு நெருங்கி வரும். உலோகத் தோலில் உச்சம் பரவித் தணியும்.

மேடுள்ள, மேடில்லாத இரண்டு கணக்குகளின் வெப்பமாற்றக் கெழுக்களை (காற்றிலிருந்து சுவருக்கு வெப்பம் எவ்வளவு எளிதில் போகிறது என்ற அளவு) விகிதமாகப் பாருங்கள். சுவர் குளிர்ந்தால் படலமும் மெலியும். மேட்டு உயரத்துக்கும் படலத் தடிப்புக்குமான விகிதம் மாறி, கெழுக்களின் விகிதமும் நகரும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பதில் 3:
மேட்டின் மேல் விழும் சூட்டைவிட எனக்குக் கவலை அதன் பின்னால்தான். 2005 ஆகஸ்ட் 3 அன்று விண்வெளி வீரர் ஸ்டீவ் ராபின்சன் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் அடியில் துருத்திய இரண்டு இடையடைப்புத் துண்டுகளை (ஓடுகளின் இடைவெளியை அடைப்பவை) கையால் உருவி எடுத்தது அதற்காகவே: லேமினார் (அடுக்கடுக்கான சீரான) ஓட்டம் முன்கூட்டியே டர்புலன்டாக (கொந்தளிப்பாக) மாறினால் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு பரப்பு முழுவதும் சூடாகும். 2009 மார்ச்சில் அதே ஓடத்தின் இறக்கையில் 6.35 மி.மீ. மேட்டை வேண்டுமென்றே வைத்துப் பறக்கவிட்டார்கள். மாற்றம் மேக் 15 வாக்கில் தொடங்கியது. ஆகஸ்டில் 8.9 மி.மீ. வைத்தபோது மேக் 18 வாக்கிலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே ஒரே புள்ளியில் நின்றுவிடாதீர்கள். இறங்குபாதையில் பல புள்ளிகளில் மேடில்லாத லேமினார் தீர்வை எடுத்து, 6 மி.மீ. உயரத்தில் உள்ள அடர்த்தி, வேகம், பாகுநிலையைக் கொண்டு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தம் பாகுநிலையை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்) போடுங்கள். அது ஓட்டம் டர்புலன்டாக மாறும் வரம்பைத் தாண்டிய புள்ளியிலிருந்து பின்பகுதிக்கு டர்புலன்ட் வெப்பத்தைக் கொடுங்கள்.