ஸ்டாடிக்ஸ்: மொமெண்ட்டை எந்தப் புள்ளியில் எடுப்பது?

சைட்_தம்பி
பகலில் சிங்கப்பூர் தெங்காவில் சைட் வேலை, ராத்திரியில் பார்ட் டைம் டிப்ளமோ. கம்பி கட்டுவது, ஃபார்ம்வொர்க் எல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியதுதான், ஆனால் ஸ்டாடிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்மேல் விழும் விசைகளின் கணக்கு) வகுப்பில் தலை சுற்றுகிறது. கிடைவிசை கூட்டினால் பூஜ்ஜியம், செங்குத்து விசை கூட்டினால் பூஜ்ஜியம், சரி. மொமெண்ட்டை (விசை × தூரம், அதாவது சுழற்றும் திறன்) மட்டும் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார்கள், எல்லா இடத்திலும் எப்படிப் பூஜ்ஜியமாகும்? அப்புறம் பீமைத் தாங்கும் சப்போர்ட்டில் பின், ரோலர் என்கிறார்களே, அதெல்லாம் நான் சைட்டில் பார்த்ததே இல்லை. அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்களேன்.

யீஷூன்_அக்கா
பீம் சும்மா நிற்கிறது தம்பி, எந்தப் புள்ளியைச் சுற்றியும் சுழலவில்லை, அதனால் எங்கே எடுத்தாலும் பூஜ்ஜியம்தான். எங்கே எடுத்தால் நமக்குச் சுலபம் என்பதுதான் கேள்வி. தெரியாத விசை இருக்கிற இடத்திலேயே எடுங்கள், அதற்குத் தூரம் இல்லாததால் கணக்கிலிருந்து கழன்றுவிடும். இரண்டு முனையிலும் தாங்கியிருக்கிற 6 மீட்டர் பீமில் இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 30 கிலோநியூட்டன் என்று வையுங்கள். இடது முனையில் மொமெண்ட் எடுத்தால் 30 × 2 = வலது ரியாக்‌ஷன் (அந்தச் சப்போர்ட் பீமுக்குத் திருப்பித் தரும் விசை) × 6. வலதில் 10, மிச்சம் 20 இடதில். இரண்டு பேர் கம்பிக்கட்டு தூக்கும்போது கனம் யார் பக்கம் தள்ளி இருக்கிறதோ அவருக்குத்தானே தோள் வலிக்கும், அதேதான்.

இதற்கு முன்னால் ஃப்ரீ பாடி டயகிராம் வரையாமல் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். சப்போர்ட்டை அழித்துவிட்டு அது தருகிற விசையை அம்பாகப் போடுங்கள்: ரோலருக்கு (பக்கவாட்டில் நகர விடும்) ஒன்று, பின்னுக்கு (நகர விடாது, சுழல விடும்) இரண்டு, ஃபிக்ஸட் (சுழலவும் விடாது) என்றால் இரண்டோடு ஒரு மொமெண்ட்டும். ரோலர் என்றால் உருளை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, மேம்பாலத் தூண் உச்சியில் ரப்பர் பேரிங் இருக்குமே, வெயிலில் பாலம் நீள அது இடம் கொடுக்கிறது.

பழைய_டிராயிங்
அக்கா சொன்னது சரி, ஆனால் அந்தக் கணக்கில் பீமுக்கே எடை இல்லை! 200க்கு 400 மில்லிமீட்டர் கான்கிரீட் பீம் என்றால், கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் வீதம், மீட்டருக்கு 2, மொத்தம் 12. அது நடுவில் இறங்குவதாக எடுத்தால் ரியாக்‌ஷன் இடதில் 26, வலதில் 16 என்று மாறும். வகுப்பில் இதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நம்ம சிராங்கூன் ரோட்டில், 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்களே, அதன் வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது.

சைட்_தம்பி
நன்றி அக்கா, நன்றி அண்ணே. இன்னொன்று, ஒரு முனை சப்போர்ட்டைத் தாண்டி நீண்டிருக்கிற பீமில் எனக்கு ஒரு ரியாக்‌ஷன் மைனஸில் வருகிறது. தப்பா?

யீஷூன்_அக்கா
நீட்டிய முனையில் லோடு அதிகமென்றால் அப்படித்தான் வரும். நீங்கள் அம்பை மேல்நோக்கிப் போட்டீர்கள், நிஜத்தில் அது கீழ்நோக்கி. அதாவது மறுமுனை மேலே கிளம்பப் பார்க்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற சப்போர்ட் அதைப் பிடிக்காது, ஆங்கர் போல்ட் போடவேண்டும்.