புதுப்பிப்பு: மூடியில் விழுந்த குழி போய்விட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் (அச்சுக்குள்) செலுத்திச் செய்யும் பாலிப்ரொப்பிலீன் டப்பா மூடி, கைப்பிடிப் பக்கம் தடிப்பான இடத்தில் குழி விழுகிறது, ஹோல்டிங் பிரஷர் (அச்சு நிரம்பியபின் தொடர்ந்து கொடுக்கும் அழுத்தம்) ஏற்றியும் மாறவில்லை என்று. பிரஷரில் குறையில்லை. கேட், அதாவது பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய், இருந்த இடம்தான் பிழை.

கேட் மெல்லிய ஓரத்தில் இருந்தது, கேட்டின் கனம் 0.8 மில்லிமீட்டர். மூடியின் சுவரோ 2 மில்லிமீட்டர். தடிப்பான இடம் சுருங்கி முடிவதற்குள் கேட் உறைந்துவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிளாஸ்டிக் உள்ளே போகாது. கொழும்பு கிராண்ட்பாஸ் பட்டறை அண்ணனிடம் மோல்டைக் கொடுத்து, பழைய கேட்டை அடைத்து, கைப்பிடிப் பக்கமே புதிதாக வெட்டினோம். கனம் முதலில் 1.0 மில்லிமீட்டர், பார்த்துவிட்டு 1.3. சிறிதாகத் தொடங்குவதே நல்லது. வெட்டிய இரும்பைத் திரும்ப வைப்பது பெரிய வேலை.

பிறகு ஹோல்டிங் நேரத்தை ஒவ்வொரு செகண்டாகக் கூட்டி, ரன்னரை (கேட் வரை வரும் வழியில் உறைந்த பிளாஸ்டிக் தண்டை) நீக்கி மூடியை மட்டும் எடை போட்டேன். 7 செகண்டுக்கு மேல் எடை கூடவில்லை. அதாவது கேட் அங்கே உறைகிறது. 8 செகண்டில் வைத்திருக்கிறேன்.

நேற்று வந்த மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. கேட்டை மாற்றச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.