சாய்ந்த ஃபிகர் பொம்மையை நிமிர்த்த வழி உண்டா?

கேள்வி (நாகர்கோவில்): ஒற்றைக்காலில் நிற்கும் பிவிசி (பிளாஸ்டிக்) ஃபிகர் பொம்மை, மேற்கு ஜன்னலோரம் வைத்ததில் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. கணுக்காலில்தான் வளைவு. ஆசையாக வாங்கியது அண்ணே. பசை போடலாமா?

பதில் (தக்கலை): பசை வேண்டாம் தம்பி. பிவிசி சூட்டில் இளகும். முழு எடையும் ஒரே கணுக்காலில் இறங்குவதால் மெல்ல வளைகிறது. பீடத்திலிருந்து கழற்றி, அந்த இடத்தை மட்டும் வெந்நீரில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். கொதிநீர் கூடாது, பெயிண்ட் பாழாகும். இளகியதும் நேராக்கி, சற்றே பின்னுக்கு வளைத்து, கையை எடுக்காமல் ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். இதுதான் முக்கியம், ஆறுமுன் விட்டால் திரும்பவும் வளையும்.

பதில் (குளச்சல்): முதலில் அந்த ஜன்னலை விட்டு மாற்றுங்கள். இடுப்புக்கு அக்ரிலிக் தாங்கியும் கொடுங்கள்.

கேட்டவர்: பீடம் கழலவில்லையே?

பதில் (தக்கலை): இழுக்காதீர்கள், காலைப் பீடத்தில் செருகியிருக்கும் முளை முறியும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்.