அரை-ஹார்மோனிக் மேப் ஓட்டம்: ஆற்றல் திடீரென்று பூஜ்யமாகிறது, இது உண்மையான ப்ளோ-அப் தானா?

கேள்வி:
வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் மேப்களுக்கான அரை-ஹார்மோனிக் கிரேடியன்ட் ஃப்ளோவை (ஆற்றல் மிக வேகமாகக் குறையும் திசையில் மேப்பை நகர்த்தும் ஓட்டம்) கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். லாப்லாசியனின் வர்க்கமூலமான அரை-லாப்லாசியனை ஃபூரியே முறையில் எடுக்கிறேன்: ஒவ்வொரு கெழுவையும் அதன் அலைஎண்ணின் மட்டு மதிப்பால் பெருக்கினால் போதும். வருவதில் தொடுகோட்டுத் திசைக் கூறை மட்டும் எடுத்து, அதற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு அடி வைத்து, நீளத்தை மறுபடி 1 ஆக்குகிறேன். மாதிரிப் புள்ளிகள் 256.

தொடக்க மேப் வட்டத்தை ஒருமுறை சுற்றுகிறது. ஆற்றல் மெல்லக் குறைந்து 3.14-ஐ ஒட்டி வெகுநேரம் நிற்கிறது. அதற்குள் ஓரிடத்தில் கோணம் செங்குத்தாக ஏற ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒரே பாய்ச்சலில் ஆற்றல் பூஜ்யம், சுற்றெண்ணும் 1-லிருந்து 0. நேர அடியைக் குறைத்தாலும் இதே கதைதான். தட்டிலிருந்து கோளத்துக்குப் போகும் ஹார்மோனிக் மேப் ஹீட் ஃப்ளோவில் முடிவுள்ள நேரத்திலேயே ப்ளோ-அப் (சரிவு எல்லையின்றிக் கூர்மையாகித் தீர்வின் வழுவழுப்பு உடைவது) வரலாம் என்று 1992-ல் சாங், டிங், யே மூவரும் காட்டினார்களே, நான் பார்ப்பதும் அந்த வகையா?

பதில் (முதல் நண்பர்):
நேர அடியில் கோளாறு இருக்காது. 256 புள்ளிகளில் பெரிய அலைஎண் 128. சாதாரண ஆய்லர் முறைக்கு அடி 2/128, அதாவது சுமார் 0.016-க்குக் கீழே இருந்தால் போதும். நான் சந்தேகப்படுவது புள்ளிகளின் எண்ணிக்கையை.

இரண்டு கூட்டல்களை ஒவ்வொரு அடியிலும் அச்சிடுங்கள். ஒன்று, அலைஎண்ணின் மட்டு மதிப்பைக் கெழுவின் அளவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுவது. இதை 3.1416-ஆல் பெருக்கினால் உங்கள் ஆற்றல். இன்னொன்று அதே கூட்டல்தான், ஆனால் அலைஎண்ணின் குறியை அப்படியே விட்டு. வழுவழுப்பான மேப்புக்கு இந்த இரண்டாவது கூட்டல் சரியாகச் சுற்றெண்ணையே தரும். கணிதவியலாளர் ஹைம் பிரெசிஸ் இதை அடிக்கடி வலியுறுத்தினார். முதல் கூட்டல் இரண்டாவதைவிடக் குறைய முடியாது என்பதால், சுற்றெண் 1 இருக்கும்வரை ஆற்றல் 3.1416-க்குக் கீழே போகவே கூடாது.

அந்தக் கீழ்வரம்பைத் தொடுவது மோபியஸ் மேப்கள் (வட்டத்தை வட்டத்தின் மேலேயே, ஒரு பக்கம் நெருக்கி மறுபக்கம் விரித்து எடுத்துச்செல்பவை). இவை ஓட்டத்தில் அசையாதவை. எவ்வளவு கூர்மையானாலும் ஆற்றல் மாறாது. இங்கேதான் வம்பு. உங்கள் புள்ளி இடைவெளி சுமார் 0.025. மோபியஸ் அளவுரு (1-ஐ நெருங்க நெருங்க ஏற்றம் கூர்மையாகும்) 0.99 என்றால் ஏற்றத்தின் அகலம் கிட்டத்தட்ட 0.01, அதாவது ஏற்றம் முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடலாம். ஃபூரியே பக்கத்தில் பார்த்தாலும் அப்படித்தான்: கெழுக்கள் அளவுருவின் அடுக்குகளாகக் குறையும், 0.99-இன் 128-ஆம் அடுக்கு இன்னும் 0.28. வால் முழுவதும் வெட்டுப்படுகிறது. அந்த நிலையில் கணினியின் ஆற்றலுக்கு அந்தக் கீழ்வரம்பு கிடையாது, சுற்று தானாக அவிழும்.

முதலில் 0.5, 0.9, 0.99 அளவுருவுள்ள மோபியஸ் மேப்களையே தொடக்கமாகக் கொடுத்துப் பாருங்கள். கோட்பாட்டின்படி மூன்றும் அசையாமல் நிற்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி, நல்ல சோதனை. 0.5-உம் 0.9-உம் நின்றன, 0.99 அவிழ்ந்தது. என் பழைய ஓட்டத்தில் குறியோடு கூட்டிய கூட்டல், ஆற்றல் விழுவதற்கு முன்பே 1-ஐ விட்டு நகர்கிறது. கோணங்களை எண்ணிப் பார்த்தால் அப்போதும் சுற்றெண் 1 என்றே காட்டுகிறது. ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி: அதற்கு முன்னால் ஏற்றம் குறுகிக்கொண்டே வந்தது உண்மைதானே? புள்ளிகளைக் கூட்டினால் அது எங்கே போய் முடியும்?

பதில் (இரண்டாம் நண்பர்):
குறுகுவது உண்மையாகவே இருக்கலாம். கணிதவியலாளர் மைக்கேல் ஸ்ட்ரூவ இந்த ஓட்டத்தைத் தட்டின் உள்ளே ஹார்மோனிக் நீட்சி எடுத்து (வட்டத்து மதிப்புகளைத் தட்டின் உள்ளே வழுவழுப்பாக நிரப்பி) ஆராய்ந்தார். 1985-ல் பரப்புகளின் ஹீட் ஃப்ளோவுக்கு அவர் நிறுவியதற்கு இணையான முடிவே இங்கும் கிடைக்கிறது: முடிவுள்ள எண்ணிக்கையில் சில இடங்களைத் தவிர மற்ற எங்கும் தீர்வு வழுவழுப்பானது. அந்த இடங்கள் உங்கள் தரவில் வருமா என்பதை இந்தத் தேற்றம் சொல்லாது. இன்னொரு பக்கம், நேர்கோட்டிலிருந்து வட்டத்துக்குப் போகும் ஓட்டத்தில் குமிழின் (ஆற்றல் குவிந்த குறுகிய ஏற்றத்தின்) அகலம் அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கி, முடிவிலி நேரத்தில்தான் பூஜ்யமாகும் தீர்வுகளை சீர், வெய், ஜெங் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. 512, 1024, 2048 என்று புள்ளிகளை இரட்டித்து, கூட்டல் 1-ஐ விட்டு நகரும் நேரத்தைக் குறியுங்கள். முடிவுள்ள நேர ப்ளோ-அப் என்றால் அந்த நேரங்கள் ஓரிடத்தில் குவியும். அகலம் அடுக்குக்குறியாகச் சுருங்கினால், ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கூடிக்கொண்டே போகும். அகலத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தாலும் நேர்கோடு வரும்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் புள்ளிகளைக் கூட்டாதீர்கள், மோபியஸ் மாற்றத்தால் ஏற்றத்தை விரித்துக் கணக்கிடுங்கள். ஆற்றல் மாறாது, ஆனால் ஓட்டம் மாறும்! இது பலரும் தவறவிடும் இடம். சரிவை அளக்கும் எல்-2 நெறிமம் (வர்க்கங்களைத் தொகையிட்டு வரும் அளவு) மோபியஸ் மாற்றத்தில் அப்படியே இருப்பதில்லை. அரை-லாப்லாசியன் மாற்றத்தின் வகைக்கெழுவால் பெருக்கப்பட்டு வருவதால், புதிய மாறியில் வலப்பக்கத்தை ஒவ்வொரு புள்ளியிலும் அந்த வகைக்கெழுவின் மட்டு மதிப்பால் வகுக்க வேண்டும். ஏற்றம் உள்ள இடத்தில் அது மிகச் சிறிய எண், அதனால் நேர அடியையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
2048 வரை ஓட்டினேன். நேரம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு தள்ளிப்போகிறது, மடக்கை வரைபடமும் நேர்கோடுதான். ஆக, என் தரவில் முடிவுள்ள நேரத்துக்கு அறிகுறி இல்லை. மோபியஸ் முறையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்றத்தை ஒவ்வோர் அடியிலும் புதுப்பிக்க வேண்டுமா?

பதில் (இரண்டாம் நண்பர்):
வேண்டாம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இடைக்கணிப்புப் பிழை சேரும். விரித்த மாறியில் ஏற்றத்தின் அகலம் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்குக் குறையும்போது மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த இரண்டு கூட்டல்களும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.