மறுமொழி: ஓபராவைத் திரையரங்கில் காட்டுவதற்குச் சொல் – "திரையஞ்சல்" சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். மேடையில் நடக்கும் ஓபராவை (பாடியே நடிக்கும் மேலைநாட்டு நாடகம்) படம்பிடித்து வேறு ஊர்த் திரையரங்குகளில் காட்டுகிறார்களே, அதற்குத் தமிழில் 'திரையஞ்சல்' என்று சொல்லலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த மாற்று யோசனைகளுக்கும் கேள்விக்கும் என் மறுமொழி இது.

> "திரையரங்க நேரலை" போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் பல ஊர்களில் அது பொய்யாகிவிடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமாக மெட்), சனிக்கிழமைப் பகல் ஒரு மணிக் காட்சியைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும்போது லண்டனில் மாலை ஆறு. அங்கே அது நேரலைதான். ஆஸ்திரேலியாவிலோ ஞாயிறு விடியாத பொழுது, எவர் எழுந்து போவார்? பதிவை வைத்திருந்து சில வாரம் கழித்தே காட்டுகிறார்கள். அதையும் நேரலை என்பதா?

> "இசைநாடகத் திரையிடல்"?

இசைநாடகம் என்றதும் எனக்குச் சங்கரதாஸ் சுவாமிகளும் ஆர்மோனியமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓபராவை ஓபரா என்றே விடுவோம். சொல்லுக்குள் அது வரவும் வேண்டாம். ஏனென்றால், 2006 டிசம்பர் 30 அன்று மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' கொண்டு மெட் தொடங்கிவைத்ததை, 2009இல் லண்டன் நேஷனல் தியேட்டர் பேச்சு நாடகத்துக்கும் எடுத்துக்கொண்டது.

'திரையிடல்' என்பதிலும் எனக்குத் தயக்கம். அது முடிந்துபோன படத்தை ஓட்டுவது. இங்கே நடப்பது வேறு. இடைவேளையில் கேமரா மேடைக்குப் பின்னால் போய்விடும். ஆட்கள் மாளிகையை உருட்டிக்கொண்டு போவார்கள், வியர்வை காயாத பாடகியை இன்னொரு பாடகி பேட்டி எடுப்பார். மெட் அரங்கின் மூவாயிரத்து எண்ணூறு இருக்கைகளில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. மாறாக அவர்களுக்குக் கிடைப்பது நமக்கில்லை: ஒலிபெருக்கியின் துணையில்லாமல் அவ்வளவு பெரிய கூடத்தையும் நிறைக்கும் குரல். சினிமா தியேட்டரில் சின்னக் குரலும் பெரிய குரலும் ஒலிபெருக்கி வழியே ஒரே பருமனில் வருகின்றன. (இந்த ஒரு குறைக்காகவே என் நண்பர் ஒருவர் தியேட்டர் பக்கம் வருவதில்லை.)

ஆக, ஓர் அரங்கில் நடப்பதை வாங்கி இன்னோர் அரங்கில் சேர்ப்பதுதான் இதன் உயிர். இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. இலங்கை வானொலியில் 'நேரடி அஞ்சல்' (வேறிடத்தில் நடப்பதை வாங்கி உடனுக்குடன் ஒலிபரப்புவது) கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் ஓட்டத்தில் (ரிலே) கைமாறும் கோலும் அதே பொருள்தான். மெட் 1931 முதல் வானொலியில் செய்துவந்ததும் அஞ்சலே. அதைத் திரைக்குக் கொண்டுவந்தால் திரையஞ்சல். 'இந்த ஓபராவைத் திரையஞ்சலில் பார்த்தேன்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. உடனுக்குடன் வந்தால் 'நேரடித் திரையஞ்சல்'.

> மின்னஞ்சல் இருக்கையில் இதையும் கடிதம் என்று நினைக்க மாட்டார்களா?

முதல் தடவை நினைப்பார்கள்தான். முன்னொட்டு வேறு, வரும் இடமும் வேறு. 'திரையஞ்சலுக்கு டிக்கெட் வாங்கினேன்' என்றால் யாரும் தபால்காரரைத் தேட மாட்டார்கள்.

எனக்கு இடிப்பது வேறொன்று. பிறகொரு நாள் மீண்டும் காட்டுவதை 'மறுவஞ்சல்' என்று சேர்த்தால் உள்ளே வஞ்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'மறு அஞ்சல்' என்று பிரித்தே எழுதலாமா? இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.