பழைய கேரவன் கேஸ் ஹீட்டர்: ஃபேன் ஓடுகிறது, தீ பற்றவில்லை. போர்டை மாற்றணுமா?

லெனேசியா_கேரவன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது பழைய கேரவன். முன்பு வைத்திருந்தவர் அதில் அமெரிக்கத் தயாரிப்பு கேஸ் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார், ஃபேன் வைத்துச் சூடான காற்றை ஊதும் வகை. ஜூலை குளிர்கால விடுமுறைக்கு, இங்கே தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரம் போகிறோம். அங்கே ராத்திரியில் உறைபனி விழும். அம்மாவும் கூட வருகிறார், அதனால்தான் கவலை.

தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் ஃபேன் ஓடுகிறது. அப்புறம் தீப்பொறி விடும்போது கேட்கவேண்டிய டிக் டிக் சத்தம் வருவதே இல்லை, குளிர்காற்று மட்டும் வந்துகொண்டிருக்கிறது. கேஸ் அடுப்பு நன்றாக எரிகிறது. பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது. கடையில் காட்டினால், ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம், விலையும் அதிகம். மாற்றித்தான் ஆகணுமா?

ஃபீனிக்ஸ்_வயர்மேன்:
தம்பி, போர்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். இந்த வகை ஹீட்டர் வேலை செய்யும் வரிசையைப் பாருங்கள். முதலில் ஃபேன். அது போதுமான வேகம் பிடித்தால், காற்று உள்ளே ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும். அதற்கு செயில் ஸ்விட்ச் என்று பெயர். அந்த ஸ்விட்ச் இணைந்தால்தான் போர்டு கேஸ் வால்வைத் திறந்து பொறி விடும். பொறிச் சத்தமே வரவில்லை என்றால், போர்டுக்குப் போகவேண்டிய அந்தச் செய்தி போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படணும்.

பேட்டரியில் அளந்த 12.4-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டருக்கு வரும் வயரிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள்.

பெனோனி_பக்கி:
அண்ணா சொல்வது சரிதான். ஆனால் சீக்கிரம் தெரிந்துகொள்ள, செயில் ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். உடனே பற்றிக்கொண்டால் குறை அங்கேதான். அப்படியே ஓட்டிக்கொண்டு ஊருக்கும் போய்வரலாம்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்று ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கேஸை விடவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஸ்விட்ச்சே இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டினால், ஃபேன் மெதுவானாலும் நின்றாலும் கேஸ் எரிந்துகொண்டே இருக்கலாம். எரிப்பறை அளவு மீறிச் சூடாகும், கார்பன் மோனாக்சைடும் உருவாகும். அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று, வெளிச்சுவரில் இருக்கும் காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடை முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எங்கள் கேரவனில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கூடு, குழாயின் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, வளைகிற கம்பி விட்டுத்தான் எடுத்தோம்.

லெனேசியா_கேரவன்:
நன்றி அக்கா, அந்த வயரைத் தொடவில்லை. குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன. ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 12.1, ஹீட்டரில் 10.2! இந்த இரண்டு வோல்ட் எங்கே போகிறது?

ஃபீனிக்ஸ்_வயர்மேன்:
வழியில்தான். ஃபேன் நிறைய ஆம்பியர் இழுக்கும், அதனால் துருப்பிடித்த ஒரு இணைப்பே போதும். ஹீட்டரில் மீட்டர் காட்டுவது 10.2 என்றால் ஃபேன் சுற்றும், ஆனால் தகட்டைத் தள்ளும் வேகம் வராது. கறுப்பு வயர் சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்குங்கள். ஃபியூஸ் பிடிப்பானையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கேயும் குறை இருக்கிறது.

லெனேசியா_கேரவன்:
எர்த் போல்ட்தான் அண்ணா! கழற்றினால் வாஷர் பொடியாக உதிர்ந்தது. புது வாஷர் போட்டபின் ஹீட்டரில் 11.8. ஃபேன் சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. டிக் டிக் கேட்டது, உடனே பற்றிக்கொண்டது. அம்மா வெப்பக்காற்றில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க ஹீட்டருக்கு நம் ஊர் ரெகுலேட்டர் சரிப்படுமா?

ஃபீனிக்ஸ்_வயர்மேன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த ஹீட்டர்கள் கேட்பது 11 அங்குல நீர் அழுத்தம், அதாவது ஏறத்தாழ 2.74 கிலோபாஸ்கல். இங்கே வீட்டு உபயோகக் குறைந்த அழுத்த ரெகுலேட்டர் 2.8 தருகிறது. பொருந்தும். உயர் அழுத்த ரெகுலேட்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
எரிகிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம் தம்பி. வெப்பத்தைக் கடத்தும் உள்பெட்டி பழைய ஹீட்டரில் துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. கிளம்பும் முன்பு, கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பில் பதிவுபெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, அம்மா படுக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். பழைய அலாரம் இருந்தால் காலாவதி தேதியைப் பாருங்கள். சைடு டென்ட் அடிக்கும்போது அதன் துணி புகைக் குழாயை மூடாமல், புகையும் டென்டுக்குள் போகாமல் இருக்கவேண்டும், அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.