ஏற்காட்டுத் தோட்டத்தில் ட்ரோன் நடுவழியில் நிற்கிறது: தடை உணரும் சென்சார் தேவைதானா?

அம்மாப்பேட்டை கேமரா:

வணக்கம். சேலத்தில் இருந்தபடி ஏற்காட்டிலுள்ள காபித் தோட்டங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வீடியோ எடுத்துத் தருகிறேன். என்னிடம் இருப்பது 250 கிராமுக்குள் அடங்கும் சிறிய ட்ரோன். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று மூன்று புறமும் தடையை உணரும் சென்சார் உண்டு. இரண்டு விலாவிலும் மேலேயும் கிடையாது.

நாகலூர் பக்கம் ஒரு தோட்டம். சில்வர் ஓக் நிழல் மர வரிசைகளுக்கு நடுவே வண்டித்தடம் போகிறது. காலையில் அந்தத் தடத்தில் ட்ரோனை முன்னோக்கிச் செலுத்தினால் பாதி வழியில் தானாக நின்றுவிடுகிறது. திரையில் சிவப்புப் பட்டை, கூடவே விடாத எச்சரிக்கை ஒலி. மூன்று மீட்டரில் தடை என்று காட்டுகிறது. அங்கே மரமும் இல்லை, கிளையும் இல்லை. பதினொரு மணிக்கு மேல் அதே தடத்தில் சிக்கலே இல்லாமல் போய் வருகிறது. ஆனால் மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த சுள்ளிக்கு மிக அருகே போனபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

அடியில் மட்டும் சென்சார் உள்ள பழைய ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் காலையிலும் அங்கே தடையின்றிப் பறக்கவிடுகிறார். என்னுடையதில் கோளாறா? எல்லாப் பக்கமும் சென்சார் உள்ள ஒன்று, ஒருவர் பயன்படுத்தியது, விலைக்கு வருகிறது. அதற்குப் பணம் போடலாமா, அல்லது இருக்கும் சென்சாரையும் அணைத்துவிட்டுப் பறக்கலாமா?

ஐந்து ரோடு ஸ்டூடியோ:

முதலில் சென்சார்க் கண்ணாடிகளைப் பாருங்கள். ஏசி காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தோட்டத்தில் இறங்கியதும் பெட்டியைத் திறந்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் மலையின் ஈரக்காற்று பட்டதும் மெல்லிய ஆவிப் படலம் படியும். கேமரா லென்ஸை எல்லோரும் துடைக்கிறோம், மிளகளவு உள்ள அந்தச் சென்சார்க் கண்ணாடிகளை யாரும் கவனிப்பதில்லை. பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் வெளிக்காற்றில் வையுங்கள். பிறகு லென்ஸ் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுப் பறக்கவிட்டுச் சொல்லுங்கள்.

சேர்வராயன் பறவை:

ஆவிப் படலமும் காரணமாக இருக்கலாம். ஆனால் காலையில் மட்டும் நிற்கிறது என்பதைப் பார்த்தால் எனக்கு வெயில் மீதும் பனிமூட்டம் மீதும்தான் சந்தேகம். காரணத்தை விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் வாங்குவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பெரும்பாலான கேமரா ட்ரோன்களில் ஒரு பக்கத்துச் சென்சார் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சிறிய கேமராக்கள்தான். இரண்டும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றன. இலை, மரப்பட்டை, செங்கல் என்று ஒரு புள்ளியை இரண்டு படத்திலும் அடையாளம் கண்டு, அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொலைவைக் கணக்கிடுகின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், இரண்டு கண் எதற்கு என்பது விளங்கும்.

அடையாளம் காணப் புள்ளியே இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு தவறிவிடும். வெள்ளையடித்த சுவர், கண்ணாடிச் சன்னல், அசையாத ஏரித் தண்ணீர், அடர்ந்த பனிமூட்டம் எல்லாம் அப்படிப்பட்டவை. மூட்டம் திட்டுத்திட்டாக நகரும்போது அதையே சில நேரம் பொருளாக எடுத்துக்கொண்டு நின்றுவிடும். தாழ்ந்த வெயில் நேராகச் சென்சாரில் விழுந்தாலும் இதுவே நடக்கும். உங்கள் சுள்ளிக்கும் விடை இதில்தான் இருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத காய்ந்த குச்சி, அந்தச் சிறிய கேமராவின் படத்தில் பின்னாலுள்ள இலைகளோடு கலந்துவிடுகிறது. மின்கம்பியும் அப்படியே. எல்லாப் பக்கமும் சென்சார் உள்ள ட்ரோனுக்கும் இந்தக் குறை உண்டு. விலை கூடினால் கம்பி தெரியும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சோதனை எளிது. மூட்டமில்லாத ஒரு காலையில் அதே தடத்தில் கிழக்கு நோக்கி ஒருமுறை, மேற்கு நோக்கி ஒருமுறை செலுத்துங்கள். கிழக்கே போகும்போது மட்டும் நின்றால் வெயில். இரண்டு பக்கமும் நிற்காமல் போய், மூட்டமுள்ள நாளில் மட்டும் நின்றால் மூட்டம். எந்த நாளிலும் எந்தத் திசையிலும் நின்றால்தான் கோளாறு. அப்போது செயலியில் உள்ள வழிப்படி சென்சார்களை அளவு திருத்தம் செய்யுங்கள்.

தாரமங்கலம் வானம்:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். சந்தைக்கு வந்த பிரபலமான கேமரா ட்ரோன்களில் முன்பக்கச் சென்சார் வந்ததே 2016இல், டிஜேஐ நிறுவனத்தின் பேன்டம் 4 வந்தபோதுதான். அதற்கு முன்பும் நாங்கள் திருமண ஊர்வலம், தேர், ஏரி எல்லாவற்றையும் எடுத்தோம். ட்ரோன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பறக்கவிட்டால் போதும். சென்சாரை நம்பிப் பழகியவர்கள் திரையை மட்டுமே பார்க்கிறார்கள், தலையை நிமிர்த்துவதே இல்லை. வேகமாகப் பறப்பதற்கான ஸ்போர்ட் மோடில் சென்சார் வேலையே செய்யாது என்பது பலருக்குத் தெரியாது. சென்சார் காப்பாற்றும் என்ற நினைப்போடு அந்த மோடில் வேகமாகப் போவதுதான் பெரிய ஆபத்து. அந்தப் பணத்துக்கு இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்குங்கள், உங்களுடைய வேலைக்கு அதுதான் கைகொடுக்கும்.

சேர்வராயன் பறவை:

கண்ணால் பார்த்துப் பறப்பதுதான் முதல் பாதுகாப்பு, அதில் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லாத நேரம் ஒன்று இருக்கிறது. சிக்னல் அறுந்ததும் ட்ரோன் தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறதே, அந்த ஆர்.டி.எச். நேரம். சமவெளியில் இது பெரிய விஷயமல்ல. மலையில் இதுதான் எல்லாம்.

ஆர்.டி.எச். உயரம் என்று நாம் குறித்து வைப்பது கடல் மட்டத்திலிருந்தும் அல்ல, ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்தும் அல்ல. புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடும் உயரம் அது. லேடீஸ் சீட் காட்சிமுனையின் விளிம்பிலிருந்து ட்ரோனைச் சேலம் பக்கம் இறக்கினால் திரையில் உயரம் மைனஸில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பயமில்லை, திரும்பும்போது முதலில் ஏறிவிட்டுத்தான் வரும். பள்ளத்தில் நின்று மேலே அனுப்புவதுதான் சிக்கல். கிளியூர் அருவி சுமார் 300 அடி. அதாவது 90 மீட்டருக்கு மேல். அருவியின் அடியில் ட்ரோனை எழுப்பி, ஆர்.டி.எச். உயரத்தை 40 மீட்டரில் விட்டுவிட்டு, மேலே போய் விளிம்புக்கு அப்பால் தாழ்த்திப் பறக்கவிட்டால், ஏற்கெனவே 40 மீட்டருக்கு மேலே இருப்பதால் சிக்னல் அறுந்ததும் அது ஏறாமல் நேர்க்கோட்டில் பாறையை நோக்கி வரக்கூடும். முன்பக்கச் சென்சார் இருந்தால், பகல் வெளிச்சமும் இருந்தால், பாறையைக் கண்டு நிற்கும் அல்லது ஏறிக் கடக்கும். அந்த ஒரு தருணத்துக்காகவே மலையில் பறப்பவர்களுக்குச் சென்சார் வேண்டும் என்கிறேன்.

அடுத்தது, அம்மாப்பேட்டை நண்பருக்கு மிக முக்கியமானது. நீங்கள் பறக்கவிடுவது மர நிழலுக்கு அடியில். அங்கே சிக்னல் அறுந்தால் ஆர்.டி.எச். செய்யும் முதல் காரியம் நேர் மேலே ஏறுவது. உங்கள் ட்ரோனுக்கு மேலே சென்சார் இல்லை. சில்வர் ஓக் கிளைகளுக்குள் தானாகவே போய்ச் செருகிக்கொள்ளும். சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பில், திரும்புவதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே மிதப்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் நடந்து நெருங்கினால் சிக்னல் திரும்பக் கிடைக்கும். மரங்களுக்கு மேலே போகும் வேலை வந்தால் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். இந்த அமைப்பை மாற்ற ஒரு காசும் செலவில்லை.

செம்மடுவு எஸ்டேட்:

தம்பி, நான் ட்ரோன் வைத்திருப்பவன் அல்ல, தோட்டம் வைத்திருப்பவன். எங்கள் தோட்டத்துக்கும் படம் எடுக்க வருகிறார்கள், அதனால் சொல்கிறேன். பறக்கவிடும் முன் மேஸ்திரியோடு அந்தத் தடத்தில் ஒருமுறை நடந்துவிடுங்கள். பணியாளர் குடியிருப்புக்குப் போகும் மின்கம்பி எந்த இடத்தில் குறுக்கே ஓடுகிறது, கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பி எங்கே சரிந்து இறங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். பச்சைக்கு நடுவே துருவேறிய ஸ்டே கம்பி நமக்கே பத்தடியில்தான் தெரியும். நிழல் மரங்களில் கிளை கழித்த பிறகு தண்டிலிருந்து குட்டையான குச்சிகள் துருத்திக்கொண்டு நிற்கும், அந்தச் சமயத்தில் வரிசைக்குள் நுழையாமல் இருப்பது நல்லது.

பழம் பறிக்கும் நாட்களில் ஆட்களின் தலைக்கு மேலே வேண்டாம். காட்டெருமை மேயும் பக்கமும் வேண்டாம், சத்தத்துக்கு மிரண்டால் அது ஓடும் வழியில் ஆட்கள் நிற்பார்கள்.

ஓமலூர் அக்கா:

பயன்படுத்தியதை வாங்கும் முன் சில விஷயங்கள். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. அதனால் விற்பவரிடம் பழைய பில் இருக்கிறதா, பதிவு எண் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். பில் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பழுதானால் உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டும்.

எடையையும் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதைத் தாண்டினால் மைக்ரோ வகை. நீங்கள் கூலிக்குப் படம் எடுப்பவர் என்பதால் சான்றிதழ் வேண்டும். எல்லாப் பக்கமும் சென்சார் வைத்தவை முன்பெல்லாம் கனமாகவே வரும். 2023இல் வந்த டிஜேஐ மினி 4 ப்ரோவில்தான் அந்த வசதி 249 கிராமுக்குள் அடங்கியது. சென்சாருக்குப் பதிலாக இறக்கைக் காப்பு மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது எடையைக் கூட்டி 250ஐத் தாண்ட வைத்துவிடும், சென்சாரின் பார்வையையும் மறைக்கும்.

கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. மலையின் மேற்குச் சரிவுக்குப் போகும்போது எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தோட்டம் தனியாருடையது, அதை ஒட்டிய காடு வனத்துறையுடையது. எல்லை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டை கேமரா:

எல்லோருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன். மூட்டமில்லாத காலையில் கிழக்கே போகும்போது மட்டும் நிற்கிறது, மேற்கே தடையில்லை. மூட்டம் இறங்கிய காலையில் இரண்டு பக்கமும் நிற்கிறது. கண்ணாடியைத் துடைத்த பிறகும் இப்படித்தான். ஆகவே கோளாறு இல்லை என்று புரிந்தது. இனி காலையில் வெயிலுக்கு முதுகைக் காட்டியே அந்தத் தடத்தை எடுக்கப்போகிறேன். இலைகளில் விழும் வெளிச்சமும் அப்படித்தான் அழகாக இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். தடையைக் கண்டால் நிற்பது, சுற்றிச் செல்வது என்று இரண்டு வழி இருக்கிறதே, மரங்களுக்கு நடுவே எது நல்லது?

சேர்வராயன் பறவை:

உங்கள் ட்ரோனுக்கு நிற்பதுதான், வேறு பேச்சே வேண்டாம். சுற்றிச் செல்வது என்றால் பக்கவாட்டில் விலகும். விலாவில் அதற்குக் கண் இல்லை. முன்னால் உள்ள மரத்தைத் தவிர்க்கப் போய்ப் பக்கத்து மரத்தில் இடிக்கும்.

புதிதாக வாங்குவது பற்றி என் கருத்து இது. முன்னோக்கிப் போகும் காட்சிகளும், மேலிருந்து தோட்டத்தைக் காட்டும் காட்சிகளும்தான் உங்கள் வேலை என்றால் இருப்பதே போதும். நடந்து வரும் ஆளைப் பின்தொடர்வது, விடுதியைச் சுற்றி வட்டமிடுவது, பக்கவாட்டில் நகர்ந்தபடி எடுப்பது என்று வேலை வந்தால் விலாச் சென்சார் தேவை. அந்தக் காட்சிகளில் கேமரா பார்ப்பது ஒரு திசை, ட்ரோன் நகர்வது இன்னொரு திசை. எவ்வளவு கை பழகியவராக இருந்தாலும் அங்கே திரையில் ஒன்றும் தெரியாது. தூரத்து மரத்துக்கும் ட்ரோனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தரையிலிருந்து கண்ணால் அளப்பதும் கடினம்.

தாரமங்கலம் வானம்:

வட்டமிடும் காட்சிக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மர நிழலில் ஆர்.டி.எச். பற்றிச் சொன்னதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

அம்மாப்பேட்டை கேமரா:

விடுதிக்காரர்கள் இரவு விளக்கொளியில் வட்டமிடும் காட்சி கேட்கிறார்கள். அதற்கு வாங்கினால் பயன்படுமா?

சேர்வராயன் பறவை:

இரவுக்காக வாங்காதீர்கள். கேமரா வகைச் சென்சார்கள் வெளிச்சம் குறைந்ததும் வேலை செய்யாது, செயலியே அப்படி எச்சரிக்கும். 2024இல் வந்த டிஜேஐ ஏர் 3எஸ் ட்ரோனில் முன்பக்கம் லைடார் வைத்திருக்கிறார்கள். லேசர் ஒளியால் அளப்பதால் இருட்டிலும் பார்க்கும், ஆனால் முன்பக்கம் மட்டும். அது 700 கிராமுக்கும் மேல், எனவே அக்கா சொன்ன சான்றிதழ் வேண்டும். ஏற்காட்டு மூட்டம் இறங்கினால் லேசரும் சிதறும்.

சூரியன் மறைந்து வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே விளக்குகளைப் போடச் சொல்லுங்கள். வட்டத்தின் ஆரத்தையும் உயரத்தையும் பகலிலேயே ஒருமுறை பறந்து பார்த்துக் குறித்துவிட்டு, உயர்ந்த மரத்துக்கும் மேலே எடுங்கள். இறங்கும் இடத்தில் ஒரு விளக்கு எரியட்டும், அடிப்பக்கச் சென்சாருக்குத் தரை தெரிய வேண்டும்.